இருபத்தெட்டுக் கோழி

இது ஏழாவது பாட்டில். இதோட முடிஞ்சுது. சகாயமேரி நரம்பைத் தட்டிப் பாத்து, ஊசியைச் சொருகி, டேப்பை ஒட்டி, சின்னச் சக்கரத்தை நகத்தால தள்ளி விட்டுட்டு, கையை ஆட்டாமப் படுங்க துளசிமணியம்மா, முக்கா மணி நேரம்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்குப் போயிருச்சு. முக்கா மணி நேரம். கல்யாணமாகி முப்பது வருசத்துல பட்டப்பகல்ல மல்லாக்கப் படுத்து மேல சுத்தற காத்தாடியைப் பாத்தது இந்த ஏழு நாளுதான். நெசத்தைச் சொல்லப்போனா இது முடியறதுல எனக்குக் கொஞ்சம் சங்கட்டமாத்தான் இருக்குது. வெளிய சொன்னா சிரிப்பாங்க, சீக்கு வந்து படுத்தவளுக்குப் பவுசைப் பாருன்னு. ஆனா மருந்து ஏறறப்ப மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் சில்லுன்னு ஒரு கோடு போகும், காஞ்ச வாய்க்கால்ல மொதத் தண்ணி விட்டாப்பல, அது எது வரைக்கும் போகுதுன்னு கண்ணை மூடிட்டுக் கூடவே போறது நல்லாத்தான் இருக்குது. பின்னாடித் தெருவுல தறி ஓடுது, டடக் டடக்னு. அதுக்கு ஒத்தாப்பல சொட்டு விழுகுதான்னு பாப்பேன், விழுகாது, தறி மூணு அடிச்சா இங்க ஒரு சொட்டு. இங்க ஸ்பிரிட் வாசம், டெட்டால் வாசம். கோழி நாத்தம் இல்லை. எங்க வீட்டுல தலைகாணி உறை கூடக் கோழிதான் மணக்கும். ஆறாயிரம் பிராய்லர் கோழி, செட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல நாலு தென்னை மரம். கம்பெனிக்காரங்க குஞ்சு குடுப்பாங்க, தீவனம் குடுப்பாங்க, மருந்து குடுப்பாங்க, நாப்பது நாள்ல ரெண்டு கிலோவா வளத்தித் திருப்பிக் குடுக்கோணும். பாட்டில் தீர்ற நேரத்துக்கு டாக்டரம்மா வரும், முந்தாநேத்து குடுத்த மூத்திரத்துல கிருமி செத்துருச்சா இல்லையான்னு சொல்லும். அதுக்கு நானும் ஒண்ணு சொல்லோணும், ஏழு நாளா முழுங்கி வெச்சிருக்கறது. தினமும் எங்கூட பஸ்சுல தொணைக்கு வந்து வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கற ரங்கக்காளுக்காகவாச்சும் சொல்லோணும். இன்னைக்கு விட்டா இனி இங்க வர எனக்கு வேலையில்லை.

எங்க ஆரம்பிச்சுதுன்னு பாத்தா, நாலு மாசத்துக்கு முன்னால வந்த நீர்க்கடுப்புதான். எளநீ குடிச்சேன், வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடிச்சேன், கத்தாழையை ஏழு தண்ணி கழுவி முழுங்கினேன், ஒண்ணுக்கும் கேக்கல. டாக்டர்கிட்டப் போறதுக்கு என்னன்னு இப்பக் கேக்கலாம். எங்கூருப் பக்கத்துல இருக்கற டாக்டரு ஒண்ணுவிட்ட அக்கா மகன், என்னைச் சின்னம்மான்னு கூப்புடுவான், கல்யாணப் பந்தியில அவனுக்கு நான் ஜாங்கிரி வெச்சிருக்கறேன். அவன் முன்னால உக்காந்து எங்க எரியுதுன்னு எப்படிச் சொல்றது. அப்பத்தான் செட்டுல மருந்து வெக்கற பரண் மேல போன தடவை மிச்சமான பவுடரு கண்ணுல பட்டுது. கோழிக்குக் கழிச்சல் வந்தா அதைத்தான் தண்ணியில கலக்கிக் குடுக்கறது. வராட்டியும் குடுக்கறதுதான், குஞ்சு வந்து இறங்கின நாள்ல இருந்து அஞ்சு நாளைக்கு, முன்கூட்டியே. கழிச்சலுக்குக் கேக்கறது கடுப்புக்குக் கேக்காதான்னு தோணுச்சு. கம்பெனி சூப்பர்வைசரே ஒருக்கா சொல்லிருக்கறான், இது மனுசனுக்குக் குடுக்கறதுதாங்க்கா, பேருதான் வேறன்னு. சரி, எத்தனை போடறது. எனக்குக் கணக்கு நல்லா வரும், எட்டாவதுல நூத்துக்குத் தொண்ணூத்தாறு, அதுக்கு மேல படிக்க வெக்கல, அவ்வளவுதான். பெரிய கோழி ஆயிரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டு. தீவன மூட்டை நிறுக்கற தராசுல செருப்பைக் கழட்டிட்டு ஏறி நின்னேன். அம்பத்தாறு கிலோ. ஒரு கோழி ரெண்டு கிலோ. அப்ப நான் இருபத்தெட்டுக் கோழி. காலண்டர் தாள்ல பாக்கெட்டைக் கொட்டித் தோசைத்திருப்பியில நடுவுல கோடு போட்டேன், ஐநூறு. மறுக்கா பாதி, எரநூத்தம்பது. நூத்தி இருபத்தஞ்சு, அறுபத்திரெண்டரை, முப்பத்தொண்ணே கால். மூணே கால் கோழி கூட வருது. அந்த மூணே கால் கோழியை விரல் நுனியில தொட்டு எடுத்துப் பாக்கெட்டுலயே திருப்பித் தட்டிட்டு, மிச்சத்தை மோருல கலக்கி ஒரே மூச்சுல குடிச்சேன். கசப்புன்னா கசப்பு, குடலு வரைக்கும் கசந்துது. பாவம், இதையா தினமும் குடிக்குதுங்கன்னு அன்னைக்குத்தான் கோழிகளை நெனச்சேன்.

கேட்டுச்சு, அதுதான் கெரகம். ரெண்டாவது நாளே எரிச்சல் நின்னு போச்சு. நின்னதும் நானும் நிறுத்திட்டேன், தேவையில்லாம எதுக்குன்னு, மிச்சத்தைப் பத்திரமா மடிச்சு வெச்சேன். எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. ரங்கக்கா அவங்க தோட்டத்துக் கிணத்து மேட்டுல உக்காந்து தனக்கும் அதே கடுப்புன்னு கண்ணுல தண்ணி விட்டுச்சு. அதுக்குச் சர்க்கரை வேற இருக்குது. அவங்களும் கோழிச் செட்டுத்தான், ஆனா பவுடரை மூடி மூடியாப் போடறவங்க, அளவெல்லாம் தெரியாது. அக்காளையும் தராசுல ஏத்தினேன். எழுவத்திரெண்டு கிலோ. நீ முப்பத்தாறு கோழியக்கான்னு சொன்னேன். அடியே அம்மிணி, முப்பத்தாறு கோழியைத் தின்னவளாட்டமா இருக்கறேன்னு அது விழுந்து விழுந்து சிரிச்சுது. காலியான பெருங்காய டப்பாவுல பவுடரைக் கொட்டி, ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு கரண்டிக் காம்புல கோடு கீறிக் குடுத்தேன். அதுக்கப்பறம் ஃபோன் பண்ணினா மொதக் கேள்வியே முப்பத்தாறு எப்படி இருக்குது, இருபத்தெட்டு எப்படி இருக்குதுங்கறதுதான். ஒரு மாசம் கழிச்சு எனக்கு மறுக்கா வந்துது. மறுக்கா இருபத்தெட்டுக் கோழி. அதுக்கு மறுமாசமும். ஒவ்வொரு தடவையும் நிக்கறதுக்கு நாள் கூடுச்சு, கடைசித் தடவை நிக்கவேயில்லை. குளுருக் காய்ச்சல் வந்து பல்லு கிடுகிடுன்னு அடிச்சு, எங்க வூட்டுக்காரரு கார் வெச்சு இங்க கொண்டாந்து போட்டாரு. இங்க டாக்டரு பொம்பளைப் புள்ளை. முன்னமே தெரிஞ்சிருந்தா மொதல் நாளே வந்திருப்பேன்.

மூணாவது நாள் ரிப்போர்ட்டு வந்துது. ஒரு தாள் பூரா மருந்துப் பேரு, இருவது இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரு எழுத்து. ஆர், ஆர், ஆர், ஆர். பள்ளிக்கூடத்துல ஆப்சென்டு போட்ட மாதிரி வரிசையா. ஆர்னா உங்க கிருமி அந்த மருந்துக்கு மசியாதும்மா, எஸ்னா மசியும்னு சகாயமேரி சொல்லிக் குடுத்துச்சு. எஸ் ரெண்டே ரெண்டு. ஒண்ணு இப்ப ஏறிட்டிருக்கறது. இதுக்கும் கேக்கலைன்னா இன்னொண்ணு, அது கிட்னியைப் பதம் பாக்குமாம், பெட்டுல சேந்து படுத்துத்தான் போடோணுமாம். அதுக்கப்பறம்னு கேட்டேன், அதுக்கப்பறம் சாமிதான்னு அந்தப் புள்ளை சிலுவை போட்டுக்கிச்சு. டாக்டரம்மா தாளை வெச்சுக்கிட்டு என்னையவே பாத்துது. இத்தனை மருந்துக்கு மசியாத கிருமியைப் பெரிய ஆஸ்பத்திரியில மாசக்கணக்காப் படுத்தவங்ககிட்டத்தான் பாத்திருக்கறேன், உங்களுக்கு எங்கிருந்து வந்துது, முன்ன என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்கன்னு கேட்டுது. மாத்திரையே தொட்டதில்லீங்கன்னேன். நான் தொட்டது பவுடரு, அது பவுடரைப் பத்திக் கேக்கவுமில்லை. என்ன வேலைன்னு கேட்டுது, தோட்டங்காடுதானுங்கன்னேன். அதுவும் பொய்யில்லை, நாலு தென்னை இருக்குதே. இப்படிச் சொல்லிட்டு நாலு நாளாக் காத்தாடியைப் பாத்துட்டுப் படுத்திருக்கறேன். நல்ல சுகம்தான், ஆனா நடுநடுவுல உறுத்துது, பாய்க்கு அடியில கிடக்கற கல்லு மாதிரி. சரி, பாட்டில்ல பாதி இருக்குது, இன்னும் நேரம் இருக்குது.

ஃபோன் அதிருது. இடது கையால எடுத்தேன், எங்க வூட்டுக்காரரு. குஞ்சு வண்டி காங்கயம் தாண்டிருச்சாம், ஒரு மணிக்குள்ள இறங்கிருமாம். தரையில தேங்கா மஞ்சி பரத்தியாச்சு, பல்பு போட்டுச் செட்டு சூடாயிருச்சு, வெல்லத்தைத் தட்டிட்டு இருக்கறேன், புதுப் பவுடர் பாக்கெட்டை நீ எங்க வெச்சேன்னு கேக்கறாரு. குஞ்சு இறக்குன உடனே வெல்லத் தண்ணி வெக்கறது எங்க செட்டு வழக்கம், பயணக் களைப்புக்கு. ஒவ்வொரு குஞ்சாப் புடிச்சு மூக்கைத் தண்ணியில தொட்டு விட்டா அது ஒரு வாட்டி அண்ணாந்து முழுங்கும், அப்பறம் தானாக் குடிக்கப் பழகிக்கும். ஆறாயிரத்துக்கும் தொட்டு விட முடியாது, ஆனா நான் ஒரு ஐநூறுக்காச்சும் தொட்டு விடுவேன், உள்ளங்கையில பஞ்சாட்டம் இருக்கும், நெஞ்சு மட்டும் படபடன்னு அடிக்கும். எனக்கு அந்த வேலையில அலுப்பே வந்ததில்லை. வெல்லத் தண்ணி மட்டும் இப்ப வைங்க, பவுடரு நான் வந்து பாத்துக்கறேன்னு சொன்னேன். ஏன், ரெண்டையும் ஒட்டுக்காக் கலக்கிடலாமேன்னாரு. வேண்டாமுங்க, நான் வந்தரட்டும்னு வெச்சுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. தெரியாம என்ன, தெரியும். போன பேட்ச்சுல இருபதாம் நாள் கழிச்சல் புடிச்சுது. பவுடரைப் போட்டோம், கேக்கல. ரெட்டிப்பாப் போட்டோம், கேக்கல. சூப்பர்வைசர் வேற கலருல ஒரு பாக்கெட்டுக் கொண்டாந்தான். நானூறு கோழியைக் குழி தோண்டிப் புதைச்சோம், அவரு சுண்ணாம்பைத் தூவினாரு, நான் பாத்துட்டு நின்னேன். மயிலுக்குத் தகரம் தட்டற கதைதான் இது. சோளக்காட்டுல மயில் வந்தா மொத நாள் தகரத்தைத் தட்டினதும் ஊரு தாண்டிப் பறக்கும். தினமும் தட்டினா நாலாம் நாள் திரும்பிப் பாக்கும், பத்தாம் நாள் அந்தத் தகரத்து மேலயே ஏறி உக்காந்து தோகையைக் கோதும். சீக்கு வராத குஞ்சுக்கு அஞ்சு நாள் பவுடரு, வருசத்துல ஆறு பேட்ச்சு, பத்து வருசம். நாங்க தட்டாத தகரமா. பயந்த கிருமியெல்லாம் செத்திருக்கும், பயப்படாதது குட்டி போட்டிருக்கும். அது மஞ்சியில இருக்கும், தூசியில இருக்கும், நான் முட்டாக்குப் போடற முந்தானையில இருக்கும். அங்கிருந்து எனக்குள்ள வந்துது. வந்ததை நான் அதே தகரத்தை எடுத்து, அதுவும் ரெண்டு நாள் தட்டி ரெண்டு நாள் நிறுத்தி, நல்லாப் பழக்கி விட்டிருக்கறேன். தொண்ணூத்தாறு மார்க்கு வாங்கின மூளை. எனக்கு அவமானமா இருக்கறது அந்த இடம்தான். சீக்கு வந்ததுல இல்லை, தாள்ல பவுடரைக் கொட்டிக் கோடு போட்டப்ப நான் எத்தனை சந்தோசமா இருந்தேன்னு நெனைக்கறப்பத்தான்.

கதவு பாதி திறந்திருக்குது. ரங்கக்கா பெஞ்சுல இருந்து எந்திரிக்குது. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு அந்தக் கோடி பாத்ரூமுக்குப் போகுது. நான் படுத்ததுல இருந்து இது மூணாவது தடவை. போறப்ப செவுத்தைத் தொட்டுட்டுப் போகுது. காலையில பஸ்சுல கூட ரெண்டு ஸ்டாப்புக்கு ஒருக்கா பல்லைக் கடிச்சுது, என்னக்கான்னா வாயுன்னு சொல்லுச்சு. வாயு எந்த ஊருல அடிவயித்தைப் புடிச்சுக் குனிய வெக்கும். நான் கேக்கல. கேட்டா அது சொல்லிரும், சொல்லிட்டா நான் டாக்டரம்மாகிட்டச் சொல்லியாகோணும். சொன்னா என்ன ஆகும். மிச்சப் பவுடரைக் கம்பெனிக்குத் திருப்பிக் குடுக்காம வெச்சிருந்தது தெரிஞ்சா குஞ்சு விடறதை நிறுத்திருவாங்களோ. டாக்டரம்மா சிரிச்சுருமோ. சகாயமேரி எல்லாத்துக்கிட்டயும் சொல்லி, அந்தக் கோழியம்மான்னு பேரு வெச்சுருமோ. எங்க வரிசையில அத்தனை செட்டுக்காரிகளும் எங்கிட்டத்தான் வந்து கேப்பாங்க, துளசி அரை டாக்டரும்பாங்க, அந்தப் பேரு போயிருமோ. இப்படி ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தா ஒண்ணுகூட ரங்கக்காளோட கிட்னி அளவுக்குப் பெருசா இல்லை. பெருசா இல்லைன்னு தெரிஞ்சும் வாய் வர மாட்டேங்குது. பாட்டில்ல ரெண்டு விரக்கடைதான் மிச்சம். இந்த ரூமு, இந்தக் காத்தாடி, சில்லுன்னு ஏறற கோடு, எல்லாம் எத்தனை நல்லா இருக்குது, அது பாட்டுக்கு ஏறட்டும்னு இருந்தரலாம். எனக்குச் சரியாயிட்டா அக்காளுக்கும் தானாச் சரியாயிரும்னு ஒரு நெனப்பு வருது. அது எப்படி ஆகும். என் பாட்டில் என் கைக்குத்தானே ஏறுது.

டாக்டரம்மா வந்துருச்சு. கையில தாளு. மொகத்தைப் பாத்தேன், அதுக்கு மொகத்துல ஒண்ணும் தெரியாது, சின்ன வயசுதான், ஆனா தாளைப் படிச்சு முடிச்சுட்டுத்தான் நிமுரும். சுத்தமா இருக்குது, கிருமி வளரலைன்னு சொல்லுச்சு. ஒரு மாசம் கழிச்சு ஒருக்கா டெஸ்ட்டு, அவ்வளவுதான், நீங்க வீட்டுக்குப் போலாம். சகாயமேரி ஊசியை உருவிப் பஞ்சை வெச்சு அமுத்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இத்தனை நேரம் பயந்துட்டு இருந்தேன்னே இப்பத்தான் தெரியுது. எந்திரிச்சு உக்காந்தேன். இனிப் போயி பஸ் புடிச்சா குஞ்சு இறங்கற நேரத்துக்குப் போயிரலாம், ஐநூறுக்கு மூக்குத் தொட்டு விடலாம். டாக்டரம்மா தாளைக் குடுத்துட்டுத் திரும்பிருச்சு. கதவு வரைக்கும் போயிருச்சு. அங்க ரங்கக்கா எனக்கு நல்ல சேதியான்னு எட்டிப் பாத்துட்டு, ஒரு கையால கதவு நெலையைப் புடிச்சுட்டு, சிரிச்சுட்டு நிக்குது. நெத்தியெல்லாம் வேர்வை.

“டாக்டரம்மா, நான் இருபத்தெட்டுக் கோழிங்க.”

அது திரும்பிப் பாத்துது. காய்ச்சல்ல பினாத்தறேன்னு நெனச்சிருக்கும், வந்து நெத்தியில கையை வெச்சுது. அப்பறம் நிறுத்தாமச் சொன்னேன். செட்டு, ஆறாயிரம் கோழி, அஞ்சு நாள் பவுடரு, நின்னதும் நிறுத்தினது, காலண்டர் தாளு, தோசைத்திருப்பி, மூணே கால் கோழி. எல்லாம். சகாயமேரி பஞ்சைக் கையில புடிச்சபடியே நின்னுது. ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேரா உக்காந்து, எங்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுது.

“இதே மாதிரி வேற யாருக்காவது குடுத்தீங்களா?”

நான் கதவைப் பாத்தேன். ரங்கக்கா சிரிப்பை நிறுத்திருச்சு. இத்தனை வருசத்துல அது என்னை ஒருநாளும் அப்படிப் பாத்ததில்லை, கூட்டத்துல வெச்சுக் காட்டிக் குடுத்துட்டியேங்கற மாதிரி. ஏழு நாளும் வந்து எனக்குத் தொணையா உக்காந்த மனுசி. இருந்தாலும் சொன்னேன்.

“இவங்களுக்குங்க. இவங்க முப்பத்தாறு கோழி. சர்க்கரை வேற இருக்குது.”

ரங்கக்கா உள்ள வந்துது. செவுத்தைத் தொட்டுட்டு, மெதுவா. எங்கிட்ட வரல, டாக்டரம்மாகிட்டப் போயி நின்னு, தோள்ல இருந்த பையைக் கழட்டி, உள்ள கையை விட்டுத் துழாவி, அந்தப் பெருங்காய டப்பாவை எடுத்து மேசை மேல வெச்சுது. கூடவே கோடு கீறின கரண்டி. ஏழு நாளும் அது இங்க பெஞ்சுலயே வெச்சிருந்திருக்குது.

“முப்பத்தாறு இல்லீங்க, முப்பத்திநாலு. மறுக்கா நிறுத்துப் பாத்தேன், நாலு கிலோ எறங்கிருச்சு. அதுக்குத் தக்கனதான் குறைச்சுப் போட்டேன்.”

டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பாத்துச்சு. அடியில ஒட்டிக்கிட்டிருந்ததுதான் மிச்சம். மூடி வெச்சுட்டு, சகாயமேரியைப் பாத்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டாரச் சொல்லுச்சு. ரங்கக்கா அதை வாங்கி முந்தானையில மறைச்சுக்கிட்டுக் கோடி பாத்ரூமுக்குப் போச்சு. போறப்ப பையை எங்கிட்ட நீட்டுச்சு, மொகத்தைப் பாக்காமத்தான் நீட்டுச்சு, ஆனா நீட்டுச்சு. நான் வாங்கி மடியில வெச்சுக்கிட்டேன். அக்காளோட தாள்ல எத்தனை எஸ் வரும்னு மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும். கட்டில்ல நான் படுத்த எடம் இன்னும் சூடா இருந்துது, விரிப்பை இழுத்துச் சரி பண்ணி, தலைகாணியைத் தட்டிப் போட்டேன். அப்பறம் வெளிய பெஞ்சுல போயி அக்கா உக்காந்த எடத்துல உக்காந்து எங்க வூட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். குஞ்சு இறங்கிருச்சாம், பின்னாடி கீச்சு கீச்சுன்னு ஆறாயிரமும் கத்தறது காதை அடைச்சுது, பவுடரு எங்கடின்னு அதுக்கு மேல கத்தறாரு. வெல்லத் தண்ணி போதுமுங்க, நீங்க மூக்கைத் தொட்டு விட ஆரம்பிங்க, நான் வர்றதுக்கு நேரமாகும்னு சொன்னேன்.